ஸ்பிரிங்கைத் தளர்த்திய பிறகு

முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி முன்பக்கமாக ஓடுகிற தசை எனக்கு ஏழு வருடம் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்தால் லேசாகத்தான் இருக்கும். கோயில் கொடைத் திருவிழா சீசனில், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து இரண்டு, இரண்டரை வரை போகிற மெல்லிசைக் கச்சேரியை முடித்துவிட்டு வேனில் ஏறும்போது வலது காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கும். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்குக் கால் வலிக்கத்தான் செய்யும், பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், வீட்டில் தரையில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி தினமும் இருநூறு தடவை பயிற்சி செய்தேன். பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்கிற பெடலைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. வாங்கும்போது கடைக்காரர் எப்படி வைத்துக் கொடுத்தாரோ, அதற்கு மேல் நான் செய்த ஒரே காரியம் ஸ்பிரிங்கை இறுக்கியதுதான். வேகமாக வாசிக்க வேண்டுமா, ஸ்பிரிங்கை இறுக்கு என்று யாரோ சொன்னார்கள், நானும் வருடத்துக்கு ஒரு சுற்று என்று இறுக்கிக்கொண்டே வந்தேன்.

திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊரில் கொடை. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் வேறொரு குழு வாசித்து முடித்திருந்தது. அந்தக் குழுவின் டிரம்மர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், மேடையை விட்டு இறங்காமல் நான் செட் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெடலை மாட்டியதும் குனிந்து, விரலால் பீட்டரை, அதாவது டிரம்மில் போய் அடிக்கிற சுத்தியல் மாதிரிக் கம்பியை, பின்னால் இழுத்து விட்டார். அது ஒரே ஒரு தடவை விறைப்பாகத் துள்ளி அப்படியே நின்றுவிட்டது. "என்னடே, இவ்வளவு முறுக்கி வச்சிருக்க? கால் வலிக்கலயா?" என்றார். வலிக்குது அண்ணே என்றேன். "வலிக்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற நட்டை இரண்டரைச் சுற்று திருப்பி விட்டு, "இன்னைக்கு இப்படியே வாசி, பிடிக்கலன்னா நாளைக்கு மாத்திக்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் மூன்று பாட்டு தடுமாறினேன். கிக், அதாவது பேஸ் டிரம் அடி, எல்லாம் கொஞ்சம் பிந்தி விழுகிற மாதிரி இருந்தது, பெடல் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது, மனுஷன் கெடுத்துவிட்டாரே என்றுகூட நினைத்தேன். நான்காவது பாட்டில் கால் தானாக இறங்க ஆரம்பித்தது. இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து வேனில் ஏறிய பிறகுதான், காலை நான் கையால் தூக்கவில்லை என்பது புரிந்தது.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கை வாசிப்புக்கு வாத்தியார் உண்டு, கிரேடு பரீட்சைகூட உண்டு, பெடலுக்கு நட்டும் போல்ட்டும்தான் உண்டு.

முதலில் ஸ்பிரிங். அதற்கு இரண்டு வேலை இருக்கிறது. அடித்த பிறகு பீட்டரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது ஒன்று. அடிக்காமல் இருக்கும்போது உன் காலின் பாரத்தைத் தாங்கி நிற்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலையை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பெடலின் மிதிதட்டான ஃபுட்போர்டில் வைத்து, தொடையையும் கணுக்காலையும் முழுசாகத் தளரவிட்டுப் பாருங்கள். பீட்டர் போய் ஹெட்டில், அதாவது டிரம்மில் அடி விழுகிற தோலில், ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் உங்கள் காலுக்குப் பத்தாது. அப்படி இருந்தால் அடிகளுக்கு நடுவே பீட்டரை விலக்கி வைக்க நீங்களே கால் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், அதுவும் அதே தசையைத்தான் வலிக்க வைக்கும். கால் முழுசாகத் தளர்ந்த பிறகும் ஃபுட்போர்டு அசையவே இல்லையென்றால் ஸ்பிரிங் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஹெட்டை எட்ட வேண்டும். என்னுடையது இந்த இரண்டாவது கேஸ். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கால் பாரத்தில் பீட்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஹெட்டைத் தொடாமல், காற்றில் மிதக்கிற மாதிரி நிற்கும். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். எண்பது கிலோ ஆளுக்கும் ஐம்பது கிலோ ஆளுக்கும் கால் பாரம் ஒன்றாக இருக்க முடியாது, அதனால் இன்னொருவருடைய செட்டிங்கைக் காப்பி அடிப்பதில் அர்த்தமே இல்லை.

இறுக்கினால் வேகம் வரும் என்பது முழுப் பொய்யும் இல்லை. ஸ்பிரிங் இறுகும்போது பீட்டர் தன் போக்கில் ஆடுகிற வேகம் கூடும், ஊஞ்சல் கயிற்றைச் சுருக்கினால் ஆட்டம் வேகமாவது போல. ஊஞ்சலை அதன் போக்குக்குத் தள்ளினால் ஒரு விரல் போதும், போக்குக்கு எதிராகத் தள்ளினால் தோள் போய்விடும். பெடலுக்கும் இது அப்படியே பொருந்தும். நாம் வாசிக்கிற பாட்டுகளில் பெரும்பாலானவை நடுத்தர வேகம்தான், அதற்குப் போய் அதிவேக மெட்டல் இசை டிரம்மர் வைக்கிற இறுக்கத்தை வைத்தால் பீட்டர் நம்மை முந்திக்கொண்டு திரும்பி வந்து நிற்கும், நாம் அடுத்த அடிக்கு ஒவ்வொரு தடவையும் சும்மா நிற்கிற பொருளைப் புதிதாகக் கிளப்ப வேண்டியிருக்கும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை. பெடல் என்ற பொருள் பரவலாவதற்கு முன்னால் பேஸ் டிரம் அடிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தார், அல்லது ஒரே ஆள் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மையும் பேஸ் டிரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குச்சியாலேயே இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தார். அப்புறம் விதவிதமான பெடல்கள் வந்தன, மேல் வளையத்தில் இருந்து தொங்குகிற மாதிரிகூட இருந்தது, ஆனால் அவை மெதுவானவை. ஜெர்மனியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த வில்லியம் எஃப். லுட்விக் தியேட்டர்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் ராக்டைம் என்ற புது இசை வந்து வேகம் கூடியபோது அவருடைய பெடல் அவர் காலுக்கு ஈடுகொடுக்கவில்லை. முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்து, பிறகு உலோகத்தில் செய்து, 1909-ல் தன் தம்பி தியோபால்டோடு சேர்ந்து கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு லுட்விக் என்ற பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் டிரம் செட் ஞாபகம் வரும், அந்தக் கம்பெனி தொடங்கியது ஒரு பெடலுக்காக. வாசிக்கிற ஒருவன் தன் காலுக்குச் சரிவரவில்லை என்று உட்கார்ந்து செய்த சாமான் அது. அதனால்தான் பெடலைத் திருகிப் பார்க்கத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. இது திருகிப் பார்ப்பதற்காகவே பிறந்த சாமான்.

அதே லுட்விக் பின்னால் தனியாக ஆரம்பித்த இன்னொரு கம்பெனி 1937-ல் கொண்டுவந்த ஸ்பீட் கிங் பெடலில் ஸ்பிரிங்கே வெளியில் தெரியாது, இரண்டு பக்கத் தூண்களுக்கு உள்ளே இருக்கும். லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் வாசித்தது அதில்தான். அவர்களுடைய சில ரெக்கார்டிங்கில் அந்தப் பெடல் கிரீச்சிடுவது காதில் விழும். அவ்வளவு பெரிய ஆளுடைய பெடலும் எண்ணெய் கேட்டிருக்கிறது.

சரி, பீட்டரின் கோணத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் மிகவும் நேரம் எடுத்தது. கால் வைக்காமல் விட்டால் பீட்டர் ஹெட்டில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கோணம். பெரும்பாலான பெடல்கள் கடையில் இருந்து வரும்போது ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்கும். பின்னால் தள்ளி வைத்தால் பயண தூரம் கூடும், சத்தம் கூடும், கால் அதிகம் வேலை செய்யும். முன்னால் கொண்டு வந்தால் சின்ன அசைவிலேயே ஹெட்டைத் தொட்டுவிடும், மெதுவான சத்தத்தில் வாசிப்பது சுலபம், ஆனால் பலமாக அடிக்க நினைக்கும்போது ஓடி வர இடமே இருக்காது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, கோணத்தை மாற்றினால் ஸ்பிரிங்கையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது. பீட்டர் பின்னால் போகப் போக, ஹெட்டைத் தொடும் நேரத்தில் ஸ்பிரிங் முன்பைவிட அதிகம் நீண்டிருக்கும். நட்டைத் தொடாமலே நீங்கள் அதை இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் ஒரு மாதம் இதில் சுற்றிக்கொண்டிருந்தேன். கோணத்தை மாற்றுவேன், கனமாகத் தெரியும், பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாள் கோணத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு ஸ்பிரிங்கை ஒரு சுற்று தளர்த்தினேன், அன்றைக்குத்தான் எனக்கு வேண்டிய சத்தமும் கால் சுகமும் ஒன்றாகக் கிடைத்தது.

இன்னொன்று, உங்கள் பெடலில் பீட்டரின் கோணத்தையும் ஃபுட்போர்டின் உயரத்தையும் தனித்தனியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். இப்போது வருகிற நடுத்தர விலைப் பெடல்களில் பலவற்றில் முடியும், பீட்டர் நிற்கிற இடத்தில் பக்கவாட்டில் டிரம் கீ என்ற சின்னச் சாவி போடுகிற சின்ன சதுரத் தலைத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் ஃபுட்போர்டு அசையாமல் பீட்டர் மட்டும் சாயும். விலை குறைந்தவற்றில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும். பீட்டரைப் பின்னால் சாய்த்தால் ஃபுட்போர்டின் முன்பக்கமும் மேலே வந்து, கணுக்கால் எப்போதும் மடங்கியே நிற்கும். அந்த மாதிரிப் பெடல் வைத்திருக்கிறவர்கள் கோணத்தைத் தேடும்போது கணுக்காலைக் கவனியுங்கள், பாதி வலி அங்கேதான் இருக்கும்.

பீட்டர் கம்பியின் நீளம். ஹெட்டின் நடுவில் அடிக்க வேண்டும் என்பார்கள். 22 இன்ச் டிரம்முக்கு நடு என்பது கீழ் வளையத்தில் இருந்து 11 இன்ச், பெரும்பாலான பீட்டர்கள் அதற்குக் கிட்டத்தட்ட சரியாகவே வரும். போனம் வாசித்தது 26 இன்ச், அதன் நடு 13 இன்ச்சில் இருக்கிறது, சாதாரண பீட்டரை முழுசாக உயர்த்தினாலும் எட்டுவது கஷ்டம். நம் ஊரில் பிரச்சினை எதிர்ப்பக்கம், சின்ன மேடைக்கு 20 இன்ச், 18 இன்ச் டிரம் கொண்டு வருவார்கள், அதே பீட்டர் நடுவைத் தாண்டி மேலே போய் அடிக்கும். நான் சொல்ல வருவது, கம்பி நீளம் சத்தத்துக்கு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. சுத்தியலை நுனியில் பிடித்து அடிப்பதற்கும் தலைக்குப் பக்கத்தில் பிடித்து அடிப்பதற்கும் கைக்கு உள்ள வித்தியாசம்தான் இங்கே காலுக்கு. தலையில் பாரம் இருக்கிற கம்பி 10 சதவீதம் நீண்டால் அதைச் சுழற்ற எடுக்கிற சிரமம் 21 சதவீதம் கூடுகிறது, நீளம் இரண்டு தடவை பெருக்கப்படுகிற கணக்கு அது. அதனால் அரை இன்ச் இறக்கினாலே கால் உடனே கண்டுபிடித்துவிடும். சரியாக நடுவில் அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நான் இப்போது நடுவுக்கு ஒரு விரல் கீழே வைத்திருக்கிறேன், கொஞ்சம் அதிகமாக ரீங்காரம் வருகிறது, எனக்கு அது பிடிக்கிறது.

கம்பியை மிகவும் உயர்த்தி, கோணத்தையும் மிகவும் பின்னால் சாய்த்தால் பீட்டர் திரும்பி வரும்போது முன்னங்காலில் இடிக்கும். ஒரு தடவை பட்டால் போதும், அந்தப் பாட்டு முழுக்கக் கால் பயந்துகொண்டே வாசிக்கும்.

பீட்டர் தலை என்று வந்தால், அமுக்கிய கம்பளி மாதிரியான ஃபெல்ட், மரம், பிளாஸ்டிக், ரப்பர், பஞ்சு போல மென்மையான ஆட்டு ரோமம் என்று நிறைய இருக்கிறது. ஒரே தலையில் ஒரு பக்கம் ஃபெல்ட், மறுபக்கம் பிளாஸ்டிக் என்று வருவதும் உண்டு, பியர்ல் கம்பெனி நான்கு பக்கம் உள்ள பீட்டர்கூட விற்கிறது. நான் இரண்டு வைத்திருக்கிறேன். சர்ச்சுக்கு ஃபெல்ட். எங்கள் சர்ச்சில் கூரை உயரம், சுவர் எல்லாம் வழவழப்பு, எந்தச் சத்தமும் இரண்டு மூன்று தடவை திரும்பி வரும், அங்கே மரப் பீட்டர் போட்டால் பாட்டுக்குழுவில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொடைக் கச்சேரிக்கு மரம். திறந்த மைதானம், பெரிய ஸ்பீக்கர், கீபோர்டில் இருந்து ஒரு பேஸ், பேஸ் கிட்டாரில் இருந்து ஒரு பேஸ், ஆக்டோபேட் என்ற எலக்ட்ரானிக் பேடில் இருந்து தவில், உறுமி என்று எல்லாமே தாழ்ந்த சுருதிச் சத்தம், அந்தக் கூட்டத்துக்கு நடுவே கிக் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் தொடுகிற சத்தம் கூர்மையாக இருக்க வேண்டும், மைக்குக்கும் அதுதான் வேலையைச் சுலபமாக்கும். மரம் ஹெட்டைத் தின்றுவிடும் என்பது உண்மை. அடி விழுகிற இடத்தில் ஒரு பேட்ச் ஒட்டாமல் நான் மரப் பீட்டரை வெளியே எடுப்பதே இல்லை.

இவற்றின் பாரமும் ஒன்றுக்கொன்று வேறு. பீட்டரை மாற்றினால் ஸ்பிரிங் திரும்பவும் மாறும். நான் இரண்டு பீட்டருக்கும் தனித்தனியாக நட்டில் ஒரு குறி வைத்திருக்கிறேன், சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு, வெள்ளையால் ஒரு கோடு. தட்டையான முகம் உள்ள பீட்டர் என்றால் இன்னொரு விஷயம், அதன் முகம் ஹெட்டில் முழுசாகப் பதிய வேண்டும். கோணம் கொஞ்சம் தவறினால் விளிம்பு மட்டும் குத்தும், ஹெட்டில் பிறை மாதிரி தழும்பு விழும். பேட்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும், தழும்பு வட்டமாக இருந்தால் நல்லது. உருண்டைத் தலை உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம் ஹெட். பெடலின் சுகத்தில் பாதி ஹெட்டில் இருக்கிறது என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன். தளர்ந்த ஹெட், உள்ளே அழுத்தித் திணித்த தலையணை என்றால் பீட்டர் போய்ப் புதைந்துவிடும், திரும்பி வர ஸ்பிரிங் மட்டும்தான் துணை. ஹெட்டைக் கால்வாசிச் சுற்று இறுக்கினால் ஹெட்டே பீட்டரை எறிந்துவிடும், ஸ்பிரிங்கின் வேலை குறையும். முன்பக்க ஹெட்டில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதும் சேர்த்தி. ஓட்டை இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று பீட்டரை எதிர்த்துத் தள்ளும், அடித்துவிட்டுக் காலை அழுத்தியே வைத்திருக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் காற்றால் பீட்டர் படபடவென்று இரண்டாவது, மூன்றாவது தடவை தொடும். ஒரு ஸ்டுடியோவில் எனக்கு இது நடந்தது, ஒரு மணி நேரம் பெடலை மாற்றி மாற்றிப் பார்த்தேன், குற்றம் பெடலில் இல்லவே இல்லை. அன்றைக்கு அடித்த உடனே காலை விட்டுக்கொடுக்கிற முறையில் வாசித்து ஒப்பேற்றினேன். அந்த விட்டுக்கொடுக்கும் முறையைத்தான் ஜாஸ் டிரம்மர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள். பார் என்கிற ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு கிக்கை, கேட்கிறவனுக்குத் தெரியாமல் உடம்பில் மட்டும் படுகிற மாதிரி, இறகால் தொடுவது போல வாசிப்பார்கள். ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மிக மெதுவான சத்தத்தில் இரண்டு நிமிடம் சமமாக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். இறுகிய ஸ்பிரிங்கில் முடியவே முடியாது, ஒன்று தொடாது, இல்லையென்றால் பலமாக விழும்.

ஸ்டூல் உயரம் பற்றி ஒரு வரி. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கட்டும். தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பெடலைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நாற்காலியை முதலில் மாற்றுங்கள். அதேபோல பெடல் உங்கள் தொடை போகிற திசையில் இருக்க வேண்டும். டிரம் பார்வையாளர்களை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காலைத் திருகி வைக்காதீர்கள், டிரம்மைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், பார்க்கிறவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் ஆட்களுக்கே உரிய இன்னொரு விஷயம், வெறுங்கால். கோயில் மேடையிலும் சர்ச்சிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். ஷூ போட்டு வாசிக்கும்போது அடித்தட்டு பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும், வெறுங்காலில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேடு மட்டும் தகட்டில் பதியும். ஷூவின் பாரமும் இருக்காது, அதனால் அதே பெடலில் ஷூவோடு வாசித்தால் ஸ்பிரிங் தளர்வாகவும் வெறுங்காலில் இறுக்கமாகவும் தெரியும். வீட்டில் ஷூவோடு செட் பண்ணிவிட்டு மேடையில் வெறுங்காலோடு உட்காருவது வீண் வேலை. வியர்வையில் கால் வழுக்குவதற்கு, ஃபுட்போர்டின் மேல் பாதியில் மட்டும் மாடிப்படிகளுக்கு ஒட்டுகிற சொரசொரப்பான டேப்பை ஒரு துண்டு ஒட்டியிருந்தேன், அது கொடைக் கச்சேரியில் நாலு மணி நேரத்தில் தோலை உரித்துவிட்டது. இப்போது சாதாரணத் துணி பிளாஸ்டர் இரண்டு பட்டை, அவ்வளவுதான்.

ஃபுட்போர்டையும் பீட்டரையும் இணைப்பது செயினா, பட்டையா, நேரடிக் கம்பியா என்ற விவாதத்துக்குள் நான் அதிகம் போகவில்லை. டிடபிள்யூ 5000 மாதிரிச் செயின் பெடலில் வாசித்திருக்கிறேன், நேரடிக் கம்பிப் பெடலிலும் வாசித்திருக்கிறேன், இரண்டாவதில் காலுக்கும் பீட்டருக்கும் நடுவே துளி இடைவெளியும் இல்லாத உணர்வு வரும், சிலருக்கு அது சொர்க்கம், எனக்குக் கொஞ்சம் விறைப்பு. செயின் சுற்றுகிற அந்தக் கேம் என்ற சக்கரத்தின் வடிவத்தை மட்டும் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக வரும். நீள்வட்டமாக, முட்டை மாதிரி இருந்தால் ஹெட்டை நெருங்க நெருங்க வேகமெடுக்கும், பலமும் கூடும், ஆனால் மெதுவான சத்தத்தில் கட்டுப்படுத்தப் பழக வேண்டும். டாமா கம்பெனியின் அயர்ன் கோப்ரா பெடல் இந்த இரண்டு வகையிலும் வருகிறது, ரோலிங் கிளைட் என்பது வட்டம், பவர் கிளைட் என்பது நீள்வட்டம். இரண்டையும் வாசித்துப் பார்க்காமல் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள், பெயரைத் தவிரப் படத்தில் அதிகம் வித்தியாசம் தெரியாது.

பராமரிப்பு. நான் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், இங்கே ஸ்பிரிங் ஆறே மாதத்தில் செம்பழுப்பாகிவிடும். துருப்பிடித்த கொக்கி உரசும்போது பெடலில் ஒரு சின்னத் தடங்கல் வரும், அதைக் கால்தான் உணரும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிங்கின் மேல் கொக்கி, கீழ்க் கொக்கி, அச்சின் இரண்டு பக்கத்து பேரிங், குதிகால் பக்கத்துக் கீல், இந்த இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். செயினில் கெட்டியான கிரீஸ் தடவாதீர்கள், மேடைத் தூசி முழுக்க அதில் போய் ஒட்டி அரைக்கும். டபிள்யூடி-40 துருவையும் அழுக்கையும் கிளப்புவதற்கு நல்லது, ஆனால் அதையே எண்ணெய் என்று நினைத்து விட்டுவிட்டால் சீக்கிரம் காய்ந்துபோகும், துடைத்துவிட்டு அப்புறம் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் விட்ட பிறகு அந்த அண்ணன் செய்தது போல பீட்டரை விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள். இப்போது என்னுடையது ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய் வந்து மெல்லத்தான் அடங்குகிறது. எண்ணிக்கை முக்கியமில்லை, போன மாதம் ஆடியதைவிடக் குறைவாக ஆடினால் எங்கேயோ உரசல் வந்திருக்கிறது.

பெடலை வளையத்தில் மாட்டும்போது கிளாம்ப் கடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டை மடித்து வையுங்கள். மர வளையம் நசுங்காது, பெடலும் பக்கவாட்டில் நழுவாது. கிளாம்ப் நேராகப் பிடிக்கவில்லையென்றால் பெடல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அடிப்பட்டை தரையில் முழுசாகப் படாது, அப்போது நீங்கள் மேலே எத்தனை நட்டைத் திருகினாலும் சரியான உணர்வு வராது. எல்லாவற்றுக்கும் முன்னால் குனிந்து இதைப் பார்த்துவிட வேண்டும், நான் எழுதும்போது கடைசிக்குப் போய்விட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதோடு இரண்டு மூன்று நாளாவது வாசியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எந்த மாற்றமும் தப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் கால் பழைய கஷ்டத்துக்குப் பழகியிருக்கிறது. என் கால் முறுக்கின ஸ்பிரிங்கை ஏழு வருடம் எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது, அது அந்தப் பலத்தை விட்டுக்கொடுக்க மூன்று பாட்டு கேட்டது. மாற்றுவதற்கு முன்னால் இருந்த நிலையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டால் திரும்பிப் போகவும் பயமிருக்காது.

இப்போது எந்தக் கச்சேரிக்குப் போனாலும் டிரம் செட் யாருடையதாக இருந்தாலும் பெடல் என்னுடையது, சின்னப் பையில் பெடல், இரண்டு பீட்டர், டிரம் கீ, ட்யூப் துண்டு, எண்ணெய் புட்டி. போன மாதம் சர்ச்சில் புதிதாக வாசிக்க வந்திருக்கிற பையனுக்குப் பதினான்கு வயது, மெலிந்த கால், என் பெடலில் உட்கார்ந்து இரண்டு பாட்டு வாசித்துவிட்டு, "அண்ணே, எனக்கு இது கனமா இருக்கு" என்றான். டிரம் கீயை அவன் கையில் கொடுத்தேன். என்னுடைய சிவப்புக் கோட்டில் இருந்து முக்கால் சுற்று தள்ளி அவனுக்குச் சரியாக வந்தது, அந்த இடத்தில் அவன் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான்.